வளைந்த கோடு

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லூர் நிட்டிங் கம்பெனி ஒன்றில் நான் மிஷின் ஓட்டுகிறேன். என் மனைவி மருதாள் அங்கேயே செக்கிங். நான் ஓட்டும் துணியை விளக்குப் பலகையில் விரித்து, குறை இருந்தால் சொல்வது அவள் வேலை.

அன்று நீலக் கோடு போட்ட துணி.

"ஏனுங்க, கோடு நடுவுல வளையுதுங்க."

துணியை இழுக்கும் ரோலர் சரியில்லை என்றால் அப்படி வளையும். மிஷினை நிறுத்திச் சரிசெய்தேன். அடுத்த ரோல் துணியிலும் கோடு வளைகிறது என்றாள். எனக்கு நேராகத்தான் தெரிந்தது.

"ஊட்டுல ரசத்துல உப்பில்லீன்னு சொன்னதுக்கு இங்க பழி வாங்குறயா புள்ள?"

பக்கத்து மிஷின் வெள்ளையன் சிரித்தார். "செக்கிங்கும் அவங்க, சம்சாரமும் அவங்க. நீங்க எங்க போயி தப்பிக்கறதுங்கண்ணா?"

"கண்ணுல பஞ்சு பட்டா மங்கலாத்தான் தெரியும். நேரா இருக்கறது வளையுமுங்களா?" என்றாள் மருதாள். நிட்டிங்கில் கண்ணுக்கு எது வந்தாலும் பஞ்சு என்றுதான் சொல்வோம். அவளும் சில மாதமாக மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

வலது கண்ணை முந்தானையால் பொத்திக் கசக்கியவள், அப்படியே நின்றாள்.

"அட, நேராயிருச்சுங்க!"

"இப்பவாச்சும் ஒத்துக்கிட்டயே."

அவள் கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினாள். துணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க... உங்களுக்கு மூஞ்சியே இல்லீங்களே."

வெள்ளையன் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் கிட்டே போனேன்.

"காது தெரியுது. சட்டை தெரியுது. நடுவுல சாம்பல் அப்புனாப்புல இருக்குது."

மிஷினை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அவளைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

மருந்து விட்டு, படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "சர்க்கரை எத்தனை வருசமா இருக்கு?" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றோம் இருவரும். ரத்தத்தைப் பார்த்தார்கள். சர்க்கரை நிறையவே இருந்தது.

"விழித்திரையில ரத்தக்குழாய் கசிஞ்சு, நடுப்பகுதி வீங்கியிருக்கு. வலிக்காது, அதனாலதான் தெரியல. கண்ணுக்குள்ள ஊசி போடணும். ஒரு ஊசியோட முடியாது. சர்க்கரையும் இறங்கணும்."

"பழையபடி வருமுங்களா?"

"கொஞ்சம் தெளியலாம். முழுசா வரும்னு சொல்ல முடியாது. இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு, அதைக் காப்பாத்திடலாம்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைத் தேடினேன்.

மருதாள்தான் கேட்டாள். "மரத்துப்போக மருந்து விடுவீங்களா?"

"விடுவோம்மா."

"அப்பப் போடுங்க. அவரைக் கொஞ்சம் வெளிய உக்கார வையுங்க, உளுந்துறப் போறாரு."

இரண்டாவது ஊசி முடிந்த பிறகு, அந்த நீலக் கோட்டுத் துணியில் ஒரு துண்டை வீட்டுச் சுவரில் மாட்டினேன். மருதாள் எதிரே நின்று இடது கண்ணைப் பொத்தினாள்.

"பாதி நிமுந்திருக்குதுங்க" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மீசை இருக்குதுன்னு தெரியுது. கண்ணு எங்கன்னு தேடறனுங்க. ஆடாம நில்லுங்க."

நான் ஆடாமல் நின்றேன்.