எஸ்பெரார்

நூர் நிஷா சனிக்கிழமைகளில் எங்கள் கப்பல் அலுவலகத்துக்கு வருவாள். கூடவே அவள் மாமியார் பீவி. தாராவியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பெஞ்சின் ஒரே ஓரத்தில் இருவரும் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். நூர் நிஷாவுக்கு ஏழாம் மாதம்.

அவள் கணவன் சிராஜ் கப்பலில் என்ஜின் வேலை பார்த்தவன். சிலிக்குத் தெற்கே புயலில் காணாமல் போனான். அதற்கு மேல் எங்களுக்கும் தெரியாது.

அந்தப் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து வரும் ஸ்பானியத் தபால்களை, அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலமாக்குவது என் வேலை. படித்தது ரசாயனம். கிடைத்தது இந்த நாற்காலி.

"என் மவன் மவுத்தாயிட்டான்னு என் மனசுக்குத் தெரியுது" என்றாள் பீவி என்னிடம். "அவனுக்குச் செய்ய வேண்டியதச் செய்யணும்லா? வெள்ளச் சேல கட்டி, வாசல் தாண்டாம இத்தா இருன்னா கேக்க மாட்டேங்கா."

"இத்தா இருந்தா அவுகள நானே கொன்ன மாரி ஆவும் மாமி."

நூர் நிஷா என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, ஒங்களுக்கு அந்தப் பாஷ தெரியும்லா? லீவுல வந்தா எதுக்கெடுத்தாலும் அவுக 'எஸ்பெரா, எஸ்பெரா'ம்பாக. டீய ஆத்திக் குடுத்து, குடிங்கன்னாலும் எஸ்பெரா. அப்படின்னா என்ன?"

"பொறுன்னு அர்த்தம்."

அதோடு விட்டிருக்கலாம். அகராதியைத் திறந்தேன். எஸ்பெரார்: காத்திருப்பது. நம்பியிருப்பது. எதிர்பார்ப்பது.

"பிள்ளை உண்டாகியிருக்கறதுக்கும் அந்த ஊர்க்காரா இதையே சொல்வாளாம்" என்றேன், அவள் வயிற்றைப் பார்க்காமல்.

அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். "அத்தன வேலையும் நாந்தான் பாக்கேன். பேரு மட்டும் ஒண்ணுதானா?"

"சிரிக்காத, வயிறு பிடிச்சுக்கிடும்" என்ற பீவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு அவர்கள் வரவில்லை. பிரசவம் நெருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சிலியிலிருந்து தகவல் வந்தது. மீனவர் ஊர் ஒன்றில் சிராஜின் உடல் ஒதுங்கியிருக்கிறது. சட்டைப்பையில் இருந்த, பெயர் பொறித்த கப்பல் வில்லையை வைத்து அடையாளம் கண்டு, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மானேஜர் அதைப் படித்துவிட்டு, "உன் பாஷைக்காரர்கள். நீயே போய்ச் சொல்" என்றார்.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கும் தாராவிக்கும் நடுவே ரயில் பாதைதான். ஆனாலும் நான் அந்தப் பக்கம் போனதில்லை. பாலத்தின்மேல் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வாசலில் குழந்தையின் அழுகை கேட்டது.

"பொம்பளப் புள்ள. வாம்மா, உள்ள வா" என்றாள் பீவி.

நின்றபடியே சொல்லிவிட்டேன். பீவி நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்து கத்தினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். நூர் நிஷா அழவில்லை. குழந்தையைப் பாயில் கிடத்தினாள். கழுத்திலிருந்த தாலிக் கருகமணியை அவிழ்த்தாள்.

"மாமி, வெள்ளச் சேல எடுங்க. நான் இத்தா இருக்கேன்."

பீவி மூக்கைத் துடைத்தாள்.

"இனி எங்க இருக்க? வயித்துல புள்ளையோட இருக்கவளுக்கு, புள்ள பொறக்குற வரைக்குந்தான் இத்தா. அது முடிஞ்சு போச்சுளா."

"எப்ப?"

"இவ பொறந்தப்பவே."

நூர் நிஷா குழந்தையைப் பார்த்தாள். "அன்னைக்குத் தெருவுக்கெல்லாம் சீனி குடுத்தோமே, மாமி."

அவிழ்த்த கருகமணியைப் பாயில் வைத்தாள்.

"அவுகளுக்காக நான் ஒரு நாளுகூட இருக்கலயே" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

பீவி எழுந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். வெள்ளைச் சேலை மேலேயே மடித்து வைத்திருந்தது.

"இரு. கேக்குறவுகளுக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

பெண்கள் என்னை வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளே குழந்தை வீறிட்டது.

"எஸ்பெரா" என்றாள் நூர் நிஷா. "எஸ்பெரா ராசாத்தி. உம்மா சேல மாத்திட்டு வாரேன்."