‘ஈரக் கம்பளி’யின் கடைசிப் பாட்டு

மூன்று நாளாக ஒத்திகையில் பாட்டு ஓடவில்லை, நடந்தது. ரேவினுக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், பகலெல்லாம் பல் மருத்துவமனையில் நின்றுவிட்டு, சாயங்காலம் துறைமுக ஊரான போர்ட் சால்மர்ஸின் தேவாலயக் கூடத்துக்கு வந்து டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால் கை வேறென்ன செய்யும்?

இதே கூடத்தில் ஒரே பகலில் அவளுடைய இசைக்குழுவின் மூன்று பேரும் ‘ஈரக் கம்பளி’ இசைத்தட்டைப் பதிந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு. விற்றது முந்நூறு தட்டு. அப்புறம் யார் யாரோ யாருக்கோ டேப்பில் பதிந்து கொடுத்து, முப்பத்தாறு வருஷத்தில் அது எங்கெங்கோ போய்விட்டது. ஒசாகாவிலிருந்து கடிதம் வருகிறது. பக்கத்து நகரமான டனீடனின் பிள்ளைகள் தங்கள் வயசுக்காரர்கள் யாரோ போட்டது என்று நினைத்துக் கேட்கிறார்கள். எல்லோரும் கடைசிப் பாட்டைத்தான் சொல்கிறார்கள். டிரம்ஸ் பாட்டை முந்திக்கொண்டு எங்கேயோ ஓடிவிடத் துடிக்கிறதே, அந்தத் தவிப்பை.

சனிக்கிழமை அந்தத் தட்டை முழுவதுமாக மேடையில் வாசிக்க வேண்டும். இன்று வியாழன்.

பாடுகிற கிரேம் கிட்டாரை இறக்கி வைத்தான்.

“தூங்குது, ரேவின். அன்னைக்கு அடிச்ச மாதிரி அடிச்சுப் பாரு.”

“அன்னைக்கு மாதிரி வராது.”

கை வலியா என்று கேட்டான். அவள் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை, பேஸ் கிட்டார் வாசிக்கும் நெவிலும் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

“அன்னைக்கு நான் உன்னை விட்டுட்டுப் போறதா இருந்தேன், கிரேம். அஞ்சு மணிக்கு கிறைஸ்ட்சர்ச் பஸ். என் பை டிரம்ஸுக்குப் பின்னாலேயே இருந்துச்சு. சீக்கிரம் முடிஞ்சாப் போதும்னு அடிச்சேன். வேற ஒண்ணும் இல்ல.”

கிரேம் நெவிலைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

“தெரியும். பையைப் பாத்தேன். அதனாலதான் கடைசிப் பாட்டை நாலு தடவை எடுக்க வச்சேன். முதல் தடவையே நல்லாத்தான் இருந்துச்சு.”

அன்று அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள்தான். ராத்திரி அவனோடு மீனும் சிப்ஸும் தின்றுவிட்டு மறுநாள் போனாள். ஒரு நாள்தான் வித்தியாசம். ஆனாலும் அந்த ஒரு நாள் இப்போது பற்றிக்கொண்டு எரிந்தது. சுருதி சேரவில்லை, குரல் பிசிறுகிறது என்று அவன் சொன்ன சாக்கெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஊர் உலகம் கொண்டாடுவது அந்த நாலாவது தடவையைத்தான்.

அவன் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தான். அவள் காத்திருக்கவில்லை, குச்சிகளைத் தட்டித் தொடங்கிவிட்டாள். நெவில் தடுமாறிச் சேர்ந்துகொண்டான். கிரேம் கிட்டாரை மாட்டுவதற்குள் முதல் வரி போயே போய்விட்டது.

சனிக்கிழமையும் அப்படித்தான். பாதிச் சொற்களை விழுங்கிக்கொண்டு கிரேம் பின்னால் ஓடினான். அவன் விழுங்கியதை முன்வரிசைப் பிள்ளைகள் சேர்த்துப் பாடினார்கள்.

வேனில் சாமான் ஏற்றும்போது, வெலிங்டனிலும் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள், வருவாயா என்று கிரேம் கேட்டான். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து அவளுக்குக் காந்தியது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும் என்று தெரிந்தது.

“வர்றேன். ஆனா உன் வேன்ல இல்ல,” என்றாள்.