கசில்தாவின் செருப்பு கிடந்த விதம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் படங்கள் மட்டும்தான் நிஜம், மற்றதெல்லாம் என் கைவேலை. பாட்ஸ்குவாரோ என்ற எங்கள் ஏரிக்கரை ஊரில், சந்தைக்குப் பின்னால் படம் அச்சுப்போடும் கடை வைத்திருக்கிறேன். அக்டோபர் கடைசியில் பாசிலியோ வந்து, இறந்துபோன மனைவியின் படம் வேண்டும் என்று கைபேசியை நீட்டினார். சீப்பு, மூக்குக்கண்ணாடி, ஏப்ரன், ஒரு ஜோடி செருப்பு.

“உங்க வீட்டம்மா படம் எங்கே?” என்றேன்.

“இதான்.”

2

இந்தத் தொடக்கம் சரியில்லை. வேறொன்று: ஏரியிலிருந்து எழுந்த பனி அன்று கனவைப் போல… (அடித்துவிட்டேன். பனி இங்கே தினமும்தான் வருகிறது.)

விஷயம் இதுதான். நவம்பர் முதல் தேதி சாயங்காலத்துக்குள் படையல் மேசையில் படம் இருக்கவேண்டும். அன்று வீடு தேடி வரும் இறந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் நம்ம வீடு என்று உள்ளே வருவார்கள். அவர் மனைவி கசில்தாவோ கேமராவைக் கண்டால் முகத்தைப் பொத்திக்கொள்கிறவள். வாக்காளர் அட்டையில் இருந்தது, “சத்தியமா இது நானில்ல” என்று அவளே சொன்ன முகம்.

3

முதல் தேதி பிற்பகல், மேசையில் சாமந்திக்கு நடுவே படங்களை வைத்தார் பாசிலியோ. தரை கழுவ வந்த கொழுந்தியாள் ஒபேலியா எட்டிப் பார்த்தாள்.*

“என்ன அத்தான், செருப்புக் கடை விளம்பரமா?”

“உங்கக்கா செருப்புதான்.”

“அக்கா என்னிக்குச் செருப்ப ஜோடியா விட்டா? உதறிட்டுல்ல போவா! இதப் பாத்தா யார் வீடோன்னு தாண்டிப் போயிடுவா.”

கசில்தா இறந்த அன்று, அவளுக்காக ஜெபமாலை சொல்ல ஒன்பது நாளும் ஆட்கள் வருவார்களே என்று வீட்டை ஒழுங்குபடுத்தியவர் பாசிலியோதான். செருப்பையும் ஜோடி சேர்த்து வைத்தார். கடைசியாக அது எப்படிக் கிடந்தது என்று பார்க்கவே இல்லை. பாவி, பார்த்திருக்கலாம்.

செருப்பைக் கொண்டுவந்து கோணலாக வைத்தார். கவிழ்த்தார். எப்படி வைத்தாலும், வைத்தது போலவே இருந்தது. (நானும் இந்தப் பத்தியை நான்கு முறை கலைத்துப் பார்த்துவிட்டேன்.)

* முதல் வரைவில் ஒபேலியா கிடையாது. பாசிலியோ தனியாக அழுதார். பார்க்கச் சகிக்காமல் இவளைக் கூட்டிவந்தேன்.

4

அப்போது அடுப்பில் பால் பொங்கியது.

“ஐயய்யோ!” வெறுங்காலோடு நின்ற ஒபேலியா, ஈரத்தரை வழுக்குமே என்று அந்தச் செருப்பையே மாட்டிக்கொண்டு ஓடி அடுப்பை அணைத்தாள். திரும்பும்போது சமையலறை வாசலில் உதறிவிட்டு வந்தாள். ஒன்று கவிழ்ந்தது, ஒன்று சுவரில் போய் முட்டி நின்றது.

இரண்டு பேரும் பார்த்தார்கள்.

“அக்கா…” என்றாள் ஒபேலியா.

பாசிலியோ கைபேசியைத் தூக்கினார். பிறகு இறக்கினார்.

“சட்டுனு எடுங்க அத்தான். பால் வாசல் வரைக்கும் வழிஞ்சு கெடக்கு, செருப்ப நகத்திட்டுத் தொடைக்கணும்.”

“தொடைக்க வேணாம்.”

“நாறிப்போகும்!”

“நாறட்டும். எட்டு மாசம் கழிச்சு இப்பதான் வீட்டுக்குள்ள இருக்கா.”

“படம் இல்லாட்டி சாயங்காலம் எப்படி வருவா?”

5

மெழுகுவர்த்தி அசைந்தது, கசில்தா சிரித்தாள் என்று… ச்சே, வேண்டாம். பாசிலியோ கைபேசியை எறிந்துவிட்டு… அதுவும் பொய்.

மணி நாலரை. இன்னும் அவர் கைபேசியோடு அங்கேயே நிற்கிறார். எனக்குக் கை ஓடவில்லை, நீங்கள்தான் முடிக்கவேண்டும். அழுத்தினால் படம் கிடைக்கும், கசில்தாவும் வழி கண்டு வந்துவிடுவாள். ஆனால் நீங்கள் அழுத்திய மறுநிமிஷம் ஒபேலியா குனிந்து அந்தச் செருப்பை எடுத்துவிடுவாள்.