சுவருக்கு அந்தப் பக்கத்து விசிறி

கொள்ளிக்கட்டை காலையிலிருந்து மூன்றாவது முறையாகச் சுடரைப் பற்றவைத்தாள். அந்தப் பட்டப்பெயர் அவளுடைய பர்னரால் வந்ததா, நாக்கால் வந்ததா என்று பல்கலைக்கழகத்தின் அந்த ஆய்வக மாடியில் இன்னும் தீர்ப்பாகவில்லை. வேலை இதுதான்: டைட்டானியக் கரைசலைத் தீயில் தூவினால், புகையோடு மேலே போகும் வெள்ளைத்தூள் வடிதாளில் படியும். துகள் ஒவ்வொன்றும் எட்டு நானோமீட்டர் என்று ஆய்வேட்டில் எழுதி அனுப்பியாயிற்று. மூன்று வாரமாக வருவதோ முப்பது. பதினோரு மணிக்குத் தேர்வாளர் வந்து, கண்ணெதிரே எட்டைச் செய்துகாட்டு என்பார். முடியாவிட்டால் ஐந்து வருட உழைப்பும் புகைதான்.

பக்கத்து அறைக்காரர் அமிலத்தில் ஆராய்ச்சி செய்பவர்; அவளுடைய அக்கா கணவர். போன வருடம் அக்கா பெட்டியோடு வெளியேறி வழக்குப் போட்டாள். அடித்தாரா இல்லையா என்று மாடி இரண்டு கட்சியாக நின்று அதையே மென்றது. அக்காவின் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தவளுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அன்றிலிருந்து அவளும் அவரும் மனுவில் மட்டுமே பேசிக்கொண்டார்கள். இரண்டு அறைக்கும் பொதுவாகக் கூரையில் புகையை வெளியே இழுக்கும் ஒரு பெரிய விசிறி. சுவிட்ச் அவர் அறையில். அவர் போட்டால் இவள் சுடர் பேயாட்டம் ஆடும். மூன்று மனு எழுதி, துறைத்தலைவரின் உயிரை வாங்கி, பகலில் அந்த விசிறி ஓடக்கூடாது என்று மூன்று வாரத்துக்கு முன் உத்தரவு வாங்கினாள். அன்று மாடி முழுக்கச் சாக்லேட் கொடுத்தாளாம். வாங்கித் தின்றவர்களே சொன்னது.

துகளை அளக்கும் எந்திரம் முப்பத்தொன்று என்றது. பழைய நோட்டை இழுத்துப் புரட்டினாள். எட்டு வந்த நாள் ஒவ்வொன்றிலும் ஓரத்தில் அவளுடைய கையெழுத்தே: 'சனியன் விசிறியைப் போட்டுட்டான்.' வயிற்றெரிச்சலில் எழுதியதை யார் திரும்பப் படிப்பார்கள்? எண்ணினாள். பதினேழு எட்டு, பதினேழு சனியன். விசிறி இழுத்த இழுப்பில் துகள்கள் சூட்டை விட்டுச் சட்டென ஓடியிருக்கின்றன. ஒன்றோடொன்று ஒட்டிக் கொழுக்க நேரமில்லை. எட்டைச் செய்தது அவள் இல்லை.

பத்து ஐம்பதுக்குப் பக்கத்து அறை வாசலில் நின்றாள். சுவிட்சுக்கு மேல் அந்த உத்தரவு நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

"அத்தான்."

"அத்தானா? என்னைத் தலை முழுகியாச்சுன்னுல கேள்விப்பட்டேன்."

"விசிறியப் போடுங்க. அரை மணி நேரம் போதும்."

"உத்தரவு இருக்கேம்மா. படிச்சுக் காட்டட்டுமா? ரொம்ப நல்லா எழுதி வாங்கியிருக்க."

அவள் கக்கத்திலிருந்த நோட்டை அவரே உருவினார். அவரும் இதே தொழில்காரர். இரண்டாவது பக்கத்திலேயே விளங்கிவிட்டது.

"சனியன். சனியன். மறுபடியும் சனியன். அப்போ இத்தனை எட்டும் நான் போட்ட பிச்சையா?"

"அக்காவ அடிச்ச கை. அது பிச்சை வேற போடுமா?"

அவர் சிரிப்பு நின்றது. நோட்டைத் திருப்பி, காலியான ஓரத்தில் விரலை வைத்தார்.

"எழுத்துலதான நீ பேசுவ? எழுது. அத்தான் ஒருநாளும் கை நீட்டினதில்லன்னு. தேதி போட்டு, கையெழுத்தும் போடு. வர்ற வாரம் கோர்ட்டுக்கு ஆகும்." இன்னொரு கையைச் சுவிட்சுமேல் வைத்தார். "அடுத்த நிமிஷம் போடுறேன்."

வெளியே லிஃப்ட் கதவு திறந்தது. துறைத்தலைவரின் செருமல், கூடவே அந்த மாடி கேட்டிராத பூட்ஸ் சத்தம்: தேர்வாளர்.

அவள் பேனா மூடியைக் கழற்றினாள். சுவரின் கண்ணாடி வழியே அவள் அறை தெரிந்தது. அங்கே சுடர் ஆடாமல் அசையாமல், தடித்து, மஞ்சளாக நின்றது. அதற்குமேல் வடிதாளில் வெள்ளைத்தூள் முப்பது முப்பதாகப் படிந்துகொண்டே இருந்தது.