சுங்கை புரோங்கில் வரைந்த கீறல்

என் படத்தைப் பார்த்து பெர்னாட் அண்ணன் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பரிதாபப்பட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"கோவிச்சுக்காத தனேசு. உன் கண்ணு இதுக்குப் பத்தல. நீ பேசாம கண்காட்சி வாசல்ல, வர்றவங்க பேர் எழுதுற மேசையப் பாத்துக்க. அதுவும் முக்கியமான வேலதான் லா."

பேர் எழுதுகிற மேசை! ஏழு மாதமாக, அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை ஒன்று விடாமல், கொசுக்கடியில் நின்று தொலைநோக்கியில் கண் வைத்து வரைந்தவளுக்கு மேசையும் நாற்காலியும் கொடுக்கிறார், மகராசன்.

எங்கள் குழு பெரியதொன்றும் இல்லை. அசாம் ஜாவாவில் சுகுமாறனின் கைப்பேசிக் கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஏழெட்டுப் பேர், எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று. அதுவும் சுகுமாறனுடையது. புகைப்படம் எடுக்கிற கருவிகள் எங்களிடம் இல்லை. கண்ணால் பார்ப்போம், பார்த்ததைப் பென்சிலால் வரைவோம். கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு கேலக்ஸி எங்கள் குழாயில் கண்ணாடியில் பட்ட கைரேகை அளவுக்குத்தான் தெரியும். அந்த மங்கலை அரை மணி நேரம் உற்றுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தாளில் இறக்குவதில் உள்ள சுகம், இறக்கியவர்களுக்குத்தான் புரியும். எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது.

பெர்னாட் அண்ணன் எங்கள் தலைவர். சுங்கை சோவிலிருந்து வருகிறவர், தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவர் வரைந்த கேலக்ஸிகளைப் பார்த்தால் வாயைப் பிளப்பீர்கள். சுழன்று விரிந்த கைகள், நடுவில் பளிச்சென்ற மையம், எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். என் தாளில் ஒரு தீற்றல், ஏழெட்டுப் புள்ளி, அவ்வளவே. ஆனால் அதே குழாயில்தானே நானும் பார்க்கிறேன்? அந்தக் கைகள் ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை. படாததை எப்படி வரைவது?

என் பிழைப்பே அப்படி. செம்பனை எண்ணெய் ஆலையில் பழக்குலைகளைத் தரம் பிரிக்கிறேன். லோரி வந்து கொட்டியதும் எது பழுத்தது, எது காய் என்று எண்ணி எழுத வேண்டும். "அக்கா, இது மாசாக்தான்கா, நல்லாப் பழுத்திருக்கு, எழுதிடுங்க" என்று டிரைவர்கள் கெஞ்சுவார்கள், கத்துவார்கள், என் குலத்தையே இழுப்பார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரு காயைப் பழம் என்று எழுதியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஜூன் மாதம் கோல சிலாங்கூரில் ஒரு மண்டபத்தில் எங்கள் படங்களைக் கண்காட்சியாக வைக்க இடம் கிடைத்திருந்தது. ஆறு படங்களுக்குத்தான் இடம். அதைப் பற்றிப் பேசத்தான் அன்றைக்குக் கூடியிருந்தோம். தேர்ந்தெடுக்கப் போகிறவர் மவுரீன் மேடம். கோலாலம்பூரில் இருபது வருஷமாக வானத்தை வரைகிறவர். அவரிடம் காட்டுவதற்கு முன்பே என் படங்களை ஒதுக்கிவிடலாம் என்று பெர்னாட் அண்ணன் நினைத்தார்.

"என் படத்த அவங்க பாக்கட்டும். அவங்க வேணாம்னா நான் இனிமே பென்சிலத் தொடல. மேசையில உக்காந்து பேரே எழுதுறேன்," என்றேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

"சரி. வர்ற சனிக்கிழம சுங்கை புரோங்ல மேடம் கண்ணு முன்னாடியே வரையலாம். நீ, நான், சுகு, மூணு பேரும். எம் 83. எல்லாருக்கும் தெரிஞ்ச கேலக்ஸி. யாரு கண்ணு எப்படின்னு அப்பத் தெரிஞ்சிடும்."

எம் 83 அவருக்குச் செல்லப்பிள்ளை மாதிரி. வட்டமான சுருள் கேலக்ஸி. நடுவே ஒரு பட்டை, அதன் இரு முனையிலிருந்தும் வளைந்து போகும் கைகள். அவருடைய கைப்பேசியைத் திறந்தால் அதன் படம்தான் முதலில் வரும்.

வீட்டில் என் கணவர் சேதுவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதான் போன்ல படம் இருக்கே. பாத்து வச்சுக்கிட்டு, அங்க போயி ரெண்டு கைய வளைச்சு விட்டுடு. யாரு வந்து அளக்கப் போறா?"

"உங்க லோரியில காய ஏத்திட்டு வந்து பழம்னு சொல்ற ஆளுதானே நீங்க."

"அடியே, நான் சிமெண்டு ஏத்துறவன்டி."

சிரித்துத் தொலைத்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் சொன்னது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கைதானே? வளைத்துவிட்டால் தொடர்ந்து வரையலாம். வளைக்காவிட்டால் மேசை.

சனிக்கிழமை மழை இல்லை. சுங்கை புரோங் வயலுக்கு நடுவே, வாய்க்கால் ஓரத்து மண் பாதையில் வண்டிகளை நிறுத்தினோம். சேது வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். தெற்கே தஞ்சோங் காராங் பக்கம் விளக்கு வெளிச்சம், மேலே லேசான புகைமூட்டம். கேலக்ஸி பார்க்க நல்ல வானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சுகுமாறன் தொலைநோக்கியைத் தயார் செய்தான். அதற்கு ஒரு கைக்கருவி உண்டு. பட்டியலைத் தேர்ந்து எண்ணைத் தட்டினால் குழாய் தானாகவே திரும்பி அந்த இடத்தில் நிற்கும், வானம் நகர நகரக் கூடவே நகரும். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமல் இருக்க, அதன் திரையில் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டி வைத்திருந்தான். எழுத்து பாதி தெரியும், பாதி தெரியாது. தட்டினான், குழாய் முனகிக்கொண்டே திரும்பி நின்றது.

மவுரீன் மேடம் தள்ளி நின்றுகொண்டார். "நான் இப்ப பாக்கல. பாத்தா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். ஆளுக்கு இருபது நிமிஷம். அடுத்தவங்க தாளப் பாக்கக் கூடாது."

பெர்னாட் அண்ணன் முதலில் உட்கார்ந்தார். இருபது நிமிஷம் தேவைப்படவில்லை, பன்னிரண்டில் எழுந்துவிட்டார். "இன்னிக்குக் கொஞ்சம் மங்கல்தான். ஆனா நடுப்பட்டை நல்லாத் தெரியுது," என்றார். அடுத்து சுகுமாறன். அவனும் "ஆமா அண்ணே, பட்டை தெரியுது," என்றான். பிறகு நான்.

கண்ணை வைத்தேன்.

வட்டம் இல்லை. மையம் இல்லை. சாய்வாக ஒரு நீண்ட கோடு மட்டும், பழந்துணியில் சாம்பல் தேய்த்த மாதிரி. நேராகப் பார்த்தால் அதுவும் மறைந்தது. பார்வையைப் பக்கத்தில் வைத்து ஓரக்கண்ணால் பார்த்தேன், கோடு வந்தது. குழாயை விரலால் மெல்லத் தட்டினேன். அசைவில் மங்கலானவை பிடிபடும். கோடு இன்னும் நீண்டது. ஆனால் சுற்றி வட்டம் வரவேயில்லை. வட்டத்துக்காகப் பிச்சைக்காரி மாதிரி காத்திருந்தேன், வரவில்லை.

என் கண் நிஜமாகவே போய்விட்டதோ? இரண்டு பேருக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? நாற்பத்தாறு வயது, ஆலைத் தூசி, வெயில். நாளைக்கு ஒரு காயைப் பழம் என்று எழுதிவிடுவேனோ?

முதலில் நட்சத்திரங்களை வைத்தேன். எப்போதும் அதுதான் என் முறை. வெள்ளைத் தாளில் கருப்புப் பென்சில். வானத்து வெளிச்சம் தாளில் கருப்பாகும். ஒன்பது புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இடையே எவ்வளவு தூரம், எந்தச் சாய்வு என்று மூன்று முறை சரிபார்த்தேன். பத்தாவதாக, பார்வை வட்டத்தின் விளிம்பில் பிரகாசமான ஒரு நட்சத்திரம். தலையைச் சாய்த்தால்தான் தெரியும். அதையும் வைத்தேன். பிறகு கோடு.

ஆறு நிமிஷம் பாக்கி இருந்தது. பென்சில் முனை கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு வளைவு இங்கே, ஒரு வளைவு அங்கே, விரலால் ஒரு தீற்றல். முடிந்தது கதை. எம் 83 எப்படி இருக்கும் என்று எனக்கு மட்டும் தெரியாதா? கை தாளைத் தொட்டேவிட்டது. அப்போது எனக்கு என் மேலேயே வந்தது பாருங்கள் ஒரு கோபம்! போடி, மேசையில் உட்கார்ந்தால் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தேன்.

மூன்று தாள்களையும் வண்டியின் முன்பக்கத்தில் வைத்து, சிவப்பு விளக்கைப் பிடித்தார் மவுரீன் மேடம். மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பெர்னாட் அண்ணன் தாளில் வட்டம், பட்டை, இரண்டு கைகள். சுகுமாறன் தாளிலும் வட்டம், பட்டை, இரண்டு கைகள். என் தாளில் ஒரு கோடு.

"அக்கா, இது கேலக்ஸியா, கீறலா?" என்றான் சுகுமாறன். சிரித்தார்கள். பெர்னாட் அண்ணன் சிரிக்கவில்லை. என் தோளைத் தட்டி, "விடு தனேசு, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்," என்றார்.

பன்னிரண்டு வயது மூத்தவர் என்னிடம் வயதைச் சொல்கிறார்!

"அண்ணே, கைய எடுங்க," என்றேன். மேடம் பக்கம் திரும்பினேன். "மேடம், கேலக்ஸிய விடுங்க. என் தாள்ல பத்து நட்சத்திரம் இருக்கு. போயி பாருங்க. ஒண்ணு இடம் மாறியிருந்தாலும் நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்."

மவுரீன் மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் தாளை எடுத்துக்கொண்டு தொலைநோக்கிக்குப் போனார். கண்ணை வைப்பார், தாளைப் பார்ப்பார், மறுபடி கண்ணை வைப்பார். வயலில் தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. "ஒண்ணு," என்றார். "ரெண்டு. மூணு." நானும் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். "ஒன்பது." தலையைச் சாய்த்தார். "ஓ, இங்க இருக்கு. பத்து."

பிறகு மற்ற இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். பெர்னாட் அண்ணனுடையதில் நட்சத்திரங்கள் அழகாகத் தூவியிருந்தன, ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மவுரீன் மேடம் நிமிர்ந்து குழாய் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று பார்த்தார். கைக்கருவியை எடுத்து, சிவப்புத் தாளைப் பிய்த்தார்.

"சுகு, எந்தப் பட்டியல்ல தட்டுன?"

"எம் பட்டியல்தான் மேடம். எம் 83."

"இதுல சி 83ன்னு இருக்கே."

விண்பொருள்களுக்குப் பல பட்டியல்கள் உண்டு. எம் பட்டியலில் ஒரு 83, சி பட்டியலில் வேறொரு 83. சுகுமாறனின் கட்டைவிரல் ஒரு வரி தள்ளி அமுக்கியிருந்தது. குழாய் இருபது பாகை தள்ளி வேறொரு கேலக்ஸியின் மேல் நின்றிருந்தது. அது நமக்குப் பக்கவாட்டைக் காட்டி நிற்கிற கேலக்ஸி. வட்டமாகத் தெரியவே தெரியாது. பார்க்கக் கோடு மாதிரிதான் இருக்கும்.

"ரெண்டு பேரு எம் 83ஐ வரைஞ்சிருக்காங்க," என்றார் மவுரீன் மேடம் மெதுவாக. "அது இப்ப இந்தக் குழாய்க்குள்ளயே இல்ல."

ஐயோ, அந்த நிமிஷம்! சுகுமாறன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ கால் தரையில் பாவவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. என் கண் போகவில்லை. என் கண் சொன்னது அத்தனையும் சரி. ஒரு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் கிடக்கிற ஒன்றை, பெயர்கூடத் தெரியாமல், இருந்தது இருந்தபடி இறக்கியிருக்கிறேன்!

பெர்னாட் அண்ணன் போய்த் தொலைநோக்கியில் உட்கார்ந்தார். இந்த முறை பன்னிரண்டு நிமிஷத்தில் எழவில்லை. வெகுநேரம் கழித்து, "கோடுதான்," என்றார். "நான் அதப் பட்டைன்னு நெனச்சு, மிச்சத்த நானே போட்டுக்கிட்டேன்." கண்ணை எடுக்காமலே, "இதுக்கு முன்னாடி வரைஞ்சதும் அப்படித்தானோ என்னமோ," என்றார்.

பாவமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரியதாக இருந்தது, பொய் சொல்வானேன்? பெருந்தன்மையாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

மவுரீன் மேடம் என் பழைய தாள்களையும் வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். கண்காட்சிக்கான ஆறு படங்களில் மூன்றாக என்னுடையதை அங்கேயே எடுத்து வைத்தார். நான்காவதாக இந்தக் கோட்டை வைத்தார். அதன் கீழே நான் எழுதியிருந்த 'எம் 83' என்பதை அடித்துவிட்டு, பேனாவைப் பெர்னாட் அண்ணனிடம் நீட்டினார்.

"தலைவரே, சரியான பேர நீங்களே எழுதுங்க. மண்டபத்துல மொதல்ல தொங்கப் போறது இதுதான்."

அவர் வாங்கிக்கொண்டார். வண்டியின் மேல் தாளை வைத்து, குனிந்து, நிறுத்தி நிறுத்தி எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் கொடுக்க வந்தார்.

"சத்தமாப் படிங்க அண்ணே," என்றேன்.

ஒரு நொடி என்னை முறைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"சி 83. சுங்கை புரோங். தொலைநோக்கியில் கண்ணால் பார்த்து வரைந்தவர், தனேஸ்வரி."

"இன்னொரு தடவ," என்றேன்.