அன்ரனெற்றின் சிவப்புக் கோட்

வேரோனிக்காவுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. படத்தைச் சட்டம் போட ஓவியக் காலரிக்குக் கொண்டுவந்தால், அங்கே சட்டம் அடிக்கும் யூஜினி அளவெடுத்து முடிப்பதற்குள் பின்னறையைப் பத்துத் தரம் சுற்றிவிடுவாள். ரொறன்ரோவுக்கு வந்த இருபத்தைந்து வருடத்தில் பதினோரு வீடு மாறியவள். ஹியூரன் ஏரிக்கரையில் ஓஜிப்வா பூர்வகுடிகளின் குடியிருப்பு ஒன்றில் பிறந்தவள். ஆறு வயதில் அவளை, பூர்வகுடிப் பிள்ளைகளை அடைத்து வைக்கும் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினேழு வயதில் பஸ் ஏறி இந்த நகரத்துக்கு வந்து, ரெஸ்ரோறண்டுகளில் கோப்பை கழுவியபடியே வரையத் தொடங்கினாள். இப்போது, தொண்ணூற்றாறாம் ஆண்டில், அவளுடைய படங்களைத் தேடி வாங்க ஆட்கள் இருந்தார்கள்.

அந்த வசந்தத்தில் அவள் கொண்டுவந்த படம் ஆளுயரம். தடித்த கறுப்புக் கோடுகளுக்குள் ஒரு தாய் நின்றாள். அவள் வயிற்றுக்குள், கண்ணாடிக்குள் தெரிவதுபோல, சிவப்பாக ஏதோ இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது.

"உது என்ன பறவை?" என்று யூஜினி கேட்டாள்.

வேரோனிக்கா நடையை நிறுத்தினாள். "பறவையில்லை. என்ரை தங்கச்சியின்ரை கோட். அம்மா கம்பளியை வெட்டித் தைச்சது. பள்ளிக்கூடத்துக்கு அவள் வந்த முதல் நாளே கழட்டி அடுப்புக்குள்ளை போட்டினம். போடேக்கை கோட்டின்ரை கையிரண்டும் விரிஞ்சுது."

"தங்கச்சி இப்ப எங்கை?"

"அங்கையே செத்துப்போனாள். இருமல். அம்மாவுக்கு ஒரு கடிதம்தான் வந்தது. அன்ரனெற் எண்டு பேர்."

சொல்லிவிட்டு அவள் மறுபடி நடக்கத் தொடங்கினாள். யூஜினி சட்டத்துக்கு மரம் வெட்டினாள். அன்று இரண்டு தரம் அளவு பிழைத்தது.

காலரியின் முதலாளி அலெக்ஸாண்டர் நல்ல மனிதர்தான். நத்தார்ப் பண்டிகைக்கு யூஜினிக்குக் கேக் தருவார். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, படத்துக்குப் பக்கத்தில் ஒட்டவேண்டிய குறிப்பை அவள் கையில் கொடுத்தார். 'இடிப்பறவை. மழையைக் கொண்டுவரும் பறவை பற்றிய ஓஜிப்வா மக்களின் புராதனக் கதை' என்று அதில் அச்சடித்திருந்தது.

"இது பறவையில்லை, ஒரு பிள்ளையின்ரை கோட்" என்றாள் யூஜினி.

"எனக்கும் தெரியும். செத்த பிள்ளையின்ரை கோட்டை ஆர் கொண்டுபோய் வீட்டு ஹோலிலை மாட்டுவினம்? பறவையெண்டால் வாங்குவினம். ஒட்டுங்கோ."

அவள் ஒட்டினாள்.

ஒட்டிய பிறகும் திரும்பத் திரும்ப வந்து அதையே வாசித்தாள். காரணம் அவளுக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் அகதி விசாரணையில், "தம்பி காணாமல் போனான்" என்று அவள் சொன்னதை, மொழிபெயர்ப்பாளர் "இறந்துவிட்டான்" என்று சொல்லிவிட்டார். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். அவ்வளவு ஆங்கிலம் அவளுக்கு அப்போதே விளங்கும். குறுக்கே பேசினால் கேஸ் கெட்டுவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் அம்மா இன்னும் அவன் திரும்பி வருவானென்று மெழுகுதிரி கொளுத்துகிறாள். இங்கே ஒரு ஃபைலில் அவன் செத்துக் கிடக்கிறான்.

அடுத்த நாள் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது கணவன் இராசரத்தினத்திடம் குறிப்பின் கதையைச் சொன்னாள்.

"ஒட்டச் சொன்னால் ஒட்டிப்போட்டு வாரும். உமக்கேன் உந்தத் தலையிடி?" என்றான் அவன்.

"ஒட்டிப்போட்டன்தானே. அதுதான் தலையிடி."

கண்காட்சி சனிக்கிழமை பின்னேரம் தொடங்கியது. வைன் கிளாஸ்களோடு அறுபது பேர் நின்றார்கள். கோட் படத்தை யாரோ ஒரு பல் டொக்டர் வாங்கிவிட்டதாகச் சொல்லி, அலெக்ஸாண்டர் அதன் ஓரத்தில் விற்றதற்கு அடையாளமான புள்ளி ஒன்றையும் குத்திவிட்டார்.

வேரோனிக்கா வந்து குறிப்பை வாசித்தாள். மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி வாசித்தாள். மூன்றாவது தரம் வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இது பறவையில்லை" என்றாள் உரக்க.

பேச்சுகள் அடங்கின. அலெக்ஸாண்டர் சிரித்துக்கொண்டே வந்து அவள் தோளில் கை வைத்தார். "கலைஞர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விளக்கம்" என்றார் மற்றவர்களைப் பார்த்து. யாரோ சிரித்தார்கள்.

"படத்தைக் கழட்டு."

"வித்தாச்சு, வேரோனிக்கா."

"நான் இன்னும் ஒண்டிலையும் கையெழுத்துப் போடேல்லை. கழட்டு."

அவளே படத்தைப் பிடித்து இழுத்தாள். திருடு போகாமல் இருக்கச் சுவரோடு பூட்டிய சட்டம், அசையவில்லை. அதைத் திறக்கும் சாவி பின்னறையில், யூஜினியின் மேசை லாச்சிக்குள் இருந்தது. அலெக்ஸாண்டர் யூஜினியைப் பார்த்து, "நீர் உள்ளை போம்" என்றார் மெதுவாக.

யூஜினி உள்ளே போனாள். லாச்சியைத் திறந்தாள். சாவியோடு வெளியே வந்து, அவரைப் பார்க்காமல், கீழ்ப் பூட்டைத் திறந்தாள். பிறகு மேலே உள்ள இரண்டையும். கடைசியில் அந்தக் குறிப்பையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"திங்கட்கிழமை வரவேண்டாம்" என்றார் அலெக்ஸாண்டர்.

"ஓம்" என்றாள் அவள், தமிழிலேயே.

படம் எந்த டக்சிக்குள்ளும் நுழையவில்லை. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, புளோர் வீதியால் கிழக்கே, யூஜினியின் வீடிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுண் வரைக்கும் நடந்தார்கள். காற்று படத்தைப் பாய்மரம்போல் தள்ளியது. சந்திகளில் வேரோனிக்கா சிவப்பு விளக்குக்கும் நிற்க மறுத்தாள்; யூஜினிதான் இழுத்துப் பிடித்தாள். அப்படி ஒரு சந்தியில்தான் யூஜினி தன் தம்பியின் கதையைச் சொன்னாள். கணவனைத் தவிர யாருக்கும் சொல்லாத கதை.

வேரோனிக்கா கேட்டது ஒன்றுதான். "அவனுக்கு என்ன பேர்?"

"கிறிஸ்ரியன்."

வேரோனிக்கா அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் எந்தக் காலரியும் வேரோனிக்காவை அண்டவில்லை. யூஜினி ஸ்காபரோவில் கதவு செய்யும் ஃபக்ரரி ஒன்றில் வேலை எடுத்தாள். சட்டத்தரணியிடம் போய், தன் ஃபைலில் உள்ள அந்த ஒரு சொல்லைத் திருத்தவேண்டும் என்று கடிதம் எழுதுவித்தாள். "சும்மா கிடந்த பாம்பை ஏனப்பா சீண்டுறீர்?" என்று இராசரத்தினம் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அதைத் தபாலில் போட்டவன் அவன்தான். பதில் வரவில்லை. அவள் இன்னொன்று எழுதுவித்தாள்.

படத்தை, பூர்வகுடிச் சனங்கள் வந்துபோகும் ஒரு நிலையத்தின் மண்டபத்தில் மாட்டினார்கள். இந்த முறை பெயரை வேரோனிக்காவே எழுதினாள்: 'அன்ரனெற்றின் கோட்.' ஞாயிற்றுக்கிழமைகளில் யூஜினி அங்கே போய், புதுப் படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிறு, வடக்கிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் படத்துக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு வேரோனிக்காவிடம் வந்து, "என்ரை தம்பியின்ரை கோட் பச்சை. பித்தளைப் பொத்தான் வைச்சது" என்றார்.

வேரோனிக்கா கடதாசி தேடினாள். கிடைக்கவில்லை. யூஜினியின் காதில் செருகியிருந்த பென்சிலைப் பிடுங்கி, தன் உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள்.

"பேரைச் சொல்லுங்கோ" என்றாள்.