வளர்கிற பிள்ளைக்கு விட்ட துணி

துணிக்கடை மாடியில் ஆல்ட்டரேஷன் அறை. பதினெட்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து ஊரார் பேண்ட் இடுப்பைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பவளை எல்லோரும் டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று பேர். பேர் என்னவோ பெரிய பேர்தான். தன் வீட்டுப் பெட்டியில் நாலு வருஷமாகக் கிடந்த ஒரு கவுனை மட்டும் அவள் சரியாகப் பார்க்கவில்லை.

அவள் மகள் வாலு இந்த வீட்டுக்கு வந்த அன்று போட்டிருந்த கவுன் அது. வாலுவுக்கு அப்போது இரண்டு வயது. பிறந்த மறுநாளே காப்பகத்து வாசலில் கிடந்த குழந்தை, சொந்தம் யாருமில்லை என்று தத்துக் காகிதத்தில் எழுதியிருந்தது. டெய்லரக்காவுக்கும் சொந்தமென்று இருப்பது, மாசத்துக்கு ஒரு தடவை போனில் பேசும் அண்ணன் ஒருவர்தான். கல்யாணம் கைகூடவில்லை. சாயங்காலம் பூட்டைத் திறந்து இருட்டு வீட்டுக்குள் போனால், 'வந்துட்டியா' என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆசையில்தான் தத்துக்கு எழுதிப் போட்டாள். அது ஒன்றும் பேராசை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாலு அந்தக் கவுனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கு இது பத்தாதும்மா. பொம்மைக்கு வெட்டித் தச்சுக் குடு."

கேட்டால் கேட்டதுதான், விடமாட்டாள். டெய்லரக்கா கீழ்மடிப்பைப் பிரித்தாள். உள்ளே நாலு விரல் அகலத்துக்குத் துணி மடிந்திருந்தது. பொடிப் பொடியாகக் கைத்தையல். வெளிப்பக்கம், மடிப்புக்குச் சற்று மேலே, பழைய மடிப்பின் தடம் கோடாகத் தெரிந்தது. ஏற்கெனவே ஒரு தடவை இறக்கிவிட்டு, அதற்கப்புறமும் நாலு விரல் மிச்சம் வைத்திருக்கிறார்கள். 'வளர்ற பிள்ளைக்கா, கொஞ்சம் விட்டுத் தைங்க' என்று கடையில் தினமும் நாலு தாய்மார் சொல்கிறார்களே, அதே கணக்கு.

யார் வீட்டுப் பிள்ளையோ போட்டுக் கழித்ததாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். காப்பகத்துக்குத் துணியெல்லாம் மூட்டையாகத்தான் வரும் என்று நிர்வாகியம்மாவே சொல்லியிருக்கிறாள். அடுத்து தோள்பட்டைத் தையலில் கத்தரியை வைத்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. இடது தோள், வலதைவிட அரை விரல் இறக்கி வெட்டியிருந்தது.

வாலுவுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். வேறு யார் கண்ணுக்கும் படாது. டெய்லரக்கா ஒவ்வொரு யூனிபார்மையும் அப்படி அரை விரல் இறக்கித்தான் வெட்டுகிறாள். அப்படியானால் இந்தப் பிள்ளையை எதிரே நிறுத்தி, பார்த்துப் பார்த்துத் தைத்த கவுன் இது. பிள்ளை வளரும், இறக்கிவிடலாம் என்று இருந்தவள், பிறந்த மறுநாள் எப்படி விட்டுவிட்டுப் போயிருப்பாள்?

அண்ணனுக்கு போன் போட்டாள்.

"சும்மா கெடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காத," என்றார் அவர். "கோர்ட்டு உத்தரவே கையில இருக்கு. நாலு வருஷமா யாராவது தேடி வந்தாங்களா?"

"எங்க தேடணும்னு தெரியாம இருந்தா, அண்ணே?"

"பிள்ளை வேணுமா வேணாமா உனக்கு?" என்று வைத்துவிட்டார்.

அடுத்து காப்பகத்து நிர்வாகியம்மாவுக்குப் போட்டாள். பிள்ளை வந்தபோது போட்டிருந்த கவுனைத் தைத்தது யார் என்று கேட்டாள். நிர்வாகியம்மா பதிலுக்கு வேறொன்று கேட்டாள்.

"அதை இன்னுமா வச்சிருக்கீங்க?"

"பொம்மைக்குத் தைக்கலாம்னு இப்பதான் பிரிச்சேன்."

"அப்ப வெட்டித் தச்சிருங்க," என்றாள் நிர்வாகியம்மா, ரொம்பத் தன்மையாக. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பக்கத்து அறையில் வாலு பொம்மையை மிரட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க, டெய்லரக்காவுக்குப் பிள்ளை வருவதற்கு முந்திய அந்த வீடு ஞாபகம் வந்தது. ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு தலையணை. கத்தரியைப் போட்டால் கவுன் பொம்மைக்கு, பிள்ளை அவளுக்கு. கேட்க நாதியில்லை. வாய்விட்டுச் சொல்லி அழக்கூட ஆளில்லை.

கவுனைத் தட்டி மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். தன் பழைய ரவிக்கைத் துணியில் பொம்மைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். பிறகு, பிறந்தநாளுக்கென்று வாங்கி வைத்திருந்த நீலத் துணியை எடுத்து, வாலுவுக்கு ஒரு கவுன் வெட்டினாள். இடது தோள் அரை விரல் இறக்கம். கீழே எட்டு விரல் மடிப்பு.

"எதுக்கும்மா இவ்ளோ மடிச்சிருக்க?"

"வளர்ற பிள்ளை இல்லையா. அப்பப்ப இறக்கிவிட்டுக்கலாம்."

"நீதானே இறக்கிவிடுவ?"

டெய்லரக்கா வாயிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மறுநாள் வாலுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கடைக்கு லீவு சொல்லி, குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடி போட்ட அதிகாரியம்மா கவுனை மேஜையில் விரித்து வைத்து, அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள்.

"பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

"அம்மா."

"இதைத் தச்சது?"

டெய்லரக்கா அந்தக் கைத்தையலை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"அதுவும் அம்மாதாங்க," என்றாள்.